ஸ்கோப் படங்களை முழு அகலத்தில் கொடுங்கள்: உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய தமிழ்ப் படங்களின் நெகட்டிவ் உரிமையையும் வீடியோ உரிமையையும் வைத்திருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும்,

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படத்தை உங்களில் ஒருவர் சமீபத்தில் '4கே தரத்தில், புதுப்பொலிவுடன்' என்று விளம்பரம் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார். படத்தின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். செய்கிற வேலை எல்லோருடையதும் ஒன்றுதான்.

அந்தப் படத்தைத் திரையில் ஓட்டியவர்களில் நானும் ஒருவன். தென்மாவட்டத்துத் தியேட்டர் ஒன்றில், புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, டிஜிட்டல் புரொஜெக்டர் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பும் வரை வேலை பார்த்தேன். ஒரு படத்தைத் தினமும் நான்கு காட்சி ஓட்டுகிறவனுக்குக் கதை மறந்து போகலாம். எந்த ரீலில் எந்த ஓரத்தில் யார் நிற்பார்கள் என்பது மறக்காது. நீங்கள் ஏற்றியிருக்கும் பிரதியில் அந்த ஓரங்களே இல்லை.

ஒரு காட்சி சொல்கிறேன். அண்ணனும் தம்பியும் வீட்டு முற்றத்தில் ஆளுக்கொரு கோடியில் நின்று சொத்துச் சண்டை போடுவார்கள். நடுவில் துளசி மாடம். பேச்சு முடியும் வரை இருவரும் ஒரு அடிகூட நகர மாட்டார்கள், கேமராவும் நகராது. உங்கள் 4கே பிரதியில் அண்ணனுக்குப் பாதி முகமும் தம்பிக்குத் தோளும் ஒரு கையும் மிஞ்சியிருக்கின்றன. இதே படம் முன்பு விசிடியாக வந்தபோது அதுவும் இல்லை. துளசி மாடம் மட்டும் தெரியும், சண்டை காதில் விழும். அந்த வகையில் முன்னேற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்களாக இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. ஸ்கோப் படத்தின் பிலிமைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் ஆட்கள் எல்லோரும் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பார்கள். படம் எடுக்கும்போது கேமராவின் லென்ஸ் காட்சியை அகலவாக்கில் பாதியாக நெருக்கிப் பதிந்திருக்கும். தியேட்டரில் புரொஜெக்டருக்கு முன்னால் மாட்டும் ஸ்கோப் லென்ஸ் அதை மறுபடி இரண்டு மடங்காக விரிக்கும். அப்படி விரிந்த படம் உயரத்தைப் போல இரண்டே கால் மடங்குக்கும் மேல் அகலமாக இருக்கும். 2.35க்கு 1 என்று சொல்வது இதைத்தான். 1953இல் ஹாலிவுட்டில் தொடங்கிய முறை இது. இந்தியாவில் குருதத் 1959இல் 'காகஸ் கே பூல்' படத்தில் கொண்டுவந்தார். ஒளிப்பதிவு வி. கே. மூர்த்தி. தமிழில் முதல் ஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. இயக்கம் ஏ. பி. நாகராஜன், தயாரிப்பு ஜி. உமாபதி. உமாபதி அண்ணா சாலையில் ஆனந்த் தியேட்டரை நடத்தியவர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தமிழில் முதல் ஸ்கோப் படத்துக்குப் பணம் போட்டவர் திரை என்றால் என்னவென்று தெரிந்த ஒரு தியேட்டர்காரர்.

எங்களைப் போன்ற சிறு ஊர்களில் அந்த அகலத்துக்காக முதலாளிகள் நிறையச் செலவழித்தார்கள். லென்ஸ் வாங்க வேண்டும், திரையை இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும், மேடையில் இடம் பண்ண வேண்டும். போஸ்டரில் 'சினிமாஸ்கோப்' என்ற எழுத்து வில்லாக வளைந்து, சில சமயம் கதாநாயகன் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். அரசாங்கத்தின் நியூஸ் ரீல் சாதா லென்ஸில் ஓடும். அது முடிந்ததும் திரையின் ஓரங்களில் இருக்கிற கறுப்புத் துணி விலகும், நாங்கள் லென்ஸை மாற்றுவோம். ஒரு நொடி தாமதமாகி ஆட்கள் நெட்டையாகத் தெரிந்துவிட்டால் தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். எந்தப் படிப்பும் இல்லாத ஜனம் அது. படம் சரியான வடிவத்தில் விழவில்லை என்பது அவர்களுக்கு உடனே தெரிந்தது. 'மக்களுக்கு இதெல்லாம் தெரியாது' என்று உங்களில் சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இனி நீங்கள் செய்கிற கணக்குக்கு வருகிறேன். இன்றைய டிவி 16க்கு 9. ஸ்கோப் படத்தை அதில் முழுசாக நிரப்ப வேண்டுமென்றால் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பழைய குண்டு டிவி நான்குக்கு மூன்று. அதற்கு நிரப்பியபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் போனது. கேசட், விசிடி, டிவி என்று ஒரு தலைமுறை முழுக்க ஸ்கோப் படங்களை இந்தக் குறையோடுதான் பார்த்து வளர்ந்திருக்கிறது. 'அந்தக் காலத்துப் படத்தில் கேமரா ஒன்றும் பெரிதாக இல்லை' என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பார்த்த பிரதியை வைத்து அப்படித்தான் சொல்ல முடியும்.

வெட்டாத பிரதிகளில் வேறு விதமான கொடுமை. லென்ஸ் விரிக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் அரைகுறையாக இழுத்து, எல்லோரையும் இளைக்க வைத்து வெளியிட்டிருக்கிறீர்கள். தேய்ந்த தியேட்டர் பிரிண்ட் ஒன்றை, பிலிமை வீடியோவாக்கும் டெலிசினியில் போட்டு எடுத்ததால் ரீல் முடிகிற இடத்தில் எங்களுக்காகப் போட்ட மூலைப்புள்ளி வரை எல்லாம் வருகிறது. ஏதோ ஓர் ஆபரேட்டர் பிலிம் அறுந்து ஒட்டிய ஜாயின்டில் ஒரு வசனம் பாதியில் குதிக்கிறது. இரண்டு பாட்டுகளைக் காணோம். படத்தின் மேல் உங்கள் லோகோ மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை எந்தச் சேதாரமும் இல்லாமல் இருக்கிறது.

ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: 'மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தால் பார்க்கிறவர்கள் திட்டுகிறார்கள், படத்தை மறைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள்.' குண்டு டிவி காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. பதினான்கு அங்குலத் திரையில் ஸ்கோப் படத்தை முழுசாகப் போட்டால் முகம் தெரியாதுதான். இன்று வீடுகளில் நாற்பது, ஐம்பது அங்குல டிவி. இன்று வருகிற புதுப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்தான். ஓடிடியில் அவை கறுப்புப் பட்டையோடுதான் ஓடுகின்றன. ரஜினி படமோ விஜய் படமோ பார்க்கிற வீட்டில் யாரும் எழுந்து பட்டையைப் பற்றிப் புகார் செய்வதில்லை. போன வாரம் வந்த படத்துக்குக் கொடுக்கிற மரியாதையை நாற்பது வருடத்துப் படத்துக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

அகலம் சும்மா அலங்காரம் என்று நினைப்பவர்கள் 'ஊமை விழிகள்' (1986) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த இளைஞர்கள் எடுத்த ஸ்கோப் படம். ஆள் இல்லாத சாலை, இருட்டு, திரையின் ஏதோ ஒரு ஓரத்திலிருந்து என்ன வரப்போகிறதோ என்ற பதைப்பு. அதில் பயம் காலியாக விட்ட இடத்தில்தான் இருந்தது. எங்கள் தியேட்டரில் இரவுக் காட்சிக்கு வந்தவர்கள் ஓரங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். இந்த மாதிரிப் படத்தில் காலி இடத்தை 'வேஸ்ட்' என்று வெட்டினால் மிச்சம் இருப்பது எடுத்தவர்களின் படம் அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் ஒலியைப் புதுப்பித்து, ஸ்கோப்பாக மாற்றி மறுபடி வெளிவந்தது. நூறு நாளைத் தாண்டி ஓடியது. அடுத்து 1965இன் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இல் வந்தது. பழைய படத்துக்குத் தியேட்டரில் கூட்டம் வரும் என்று காட்டியது பெரிய காரியம். அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு என் போன்றவர்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் 'கர்ணன்' ஸ்கோப்பில் எடுத்த படம் இல்லை. ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கத்தில் வருகிற பழைய சட்டத்தில், அதாவது பிரேமில், எடுத்தது. அப்படி ஒரு சட்டத்திலிருந்து ஸ்கோப்பை வெட்டி எடுத்தால் உயரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கும் மேல் போகும். வெட்டாமல் இழுத்தால் ஆட்கள் குண்டாவார்கள். திரையை நிரப்ப மூன்றாவது வழி கிடையாது. கிரீடம் வைத்த தலைகள் நிறைந்த புராணப் படங்களில் மேலே வெட்டினால் எது போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தியேட்டர் திரைக்காக அப்படிச் செய்ததைக்கூட ஒருவகையில் புரிந்துகொள்கிறேன். வீட்டில் பார்க்கும் பிரதிக்கு அந்தக் கட்டாயமே இல்லையே. ஸ்கோப்பில் எடுத்ததை அகலத்தில் வெட்டுகிறோம், சதுரத்தில் எடுத்ததை உயரத்தில் வெட்டுகிறோம். எடுத்தபடி விட்ட படம்தான் அபூர்வமாக இருக்கிறது.

'நெகட்டிவ் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, இருக்கிற பிரிண்டை வைத்துத்தானே செய்ய முடியும்' என்பது உங்கள் அடுத்த பதில். இதில் உண்மை இருக்கிறது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. சென்னையில் கலர் லேப்கள் ஒவ்வொன்றாக மூடின. பெட்டிகள் குடோனுக்குப் போயின. அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும், சுருங்கும், வளையும். ஒரு டப்பாவில் கிளம்பிய அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது, குளிரில் வைத்துத் தள்ளிப்போடத்தான் முடியும். கலர் படங்களுக்கு இன்னொரு வியாதி, நீலச்சாயம் மங்கி எல்லாம் சிவந்துபோவது. எண்பதுகளில் மறு ஓட்டத்துக்கு வந்த பழைய ஆர்வோ கலர், ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் வானம், வயல், சேலை எல்லாம் ஒரே ரோஸ் நிறத்தில் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். சென்னையின் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நெகட்டிவ் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று யாரிடமும் இல்லை. ஸ்கோப் படங்களும் அந்த வரிசையில் சேர வேண்டுமா?

கெட்டுப்போன நெகட்டிவிலிருந்து படத்தை மீட்க முடியாது என்பதும் இல்லை. 'ஷோலே' 1975இல் 70 எம்எம்மில் வந்தது. அதன் மூல கேமரா நெகட்டிவ் மோசமாகக் கெட்டிருந்தது. பழைய படங்களைக் காக்கும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அமைப்பினர், நெகட்டிவிலிருந்து எடுத்து வைத்த இடைப்பிரதியான இன்டர்பாசிட்டிவைத் தேடிப் பிடித்து, 70 எம்எம்முக்கு உரிய 2.2க்கு 1 என்ற அளவிலேயே சீர்செய்து, 2025இல் இத்தாலியின் பொலோன்யாவில் திரையிட்டார்கள். தணிக்கையில் மாற்றச் சொன்ன பழைய முடிவும் சேர்ந்து வந்தது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1962 படம். 1989இல் ஒருமுறை ராபர்ட் ஹாரிஸ் மேற்பார்வையில் மீட்டார்கள், 2012இல் நெகட்டிவை 8கேயில் ஸ்கேன் செய்து இன்னொரு முறை. வீட்டில் பார்க்கும் ப்ளூரே தட்டிலும் அந்தப் பாலைவனம் முழு அகலத்தில்தான் இருக்கிறது, மேலும் கீழும் பட்டையோடு.

இதற்கெல்லாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லாதீர்கள். ஹாலிவுட் படங்களையே பிரேம் பிரேமாகத் துடைத்துச் சீர்செய்து கொடுத்த ஆட்கள் சென்னையில், பிரசாத் கூடத்தில் இருந்திருக்கிறார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 பிரேம்கள். உலகத்துப் படங்களுக்கு அந்தப் பொறுமையான வேலையைச் செய்த ஊரில், நம் படத்துக்கு ஒரு மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கி, தூசியோடு சேர்த்து முகத்தின் சுருக்கங்களையும் வழித்து, மெழுகு பொம்மைகளாக்கி '4கே' என்று பெயர் வைக்கிறோம்.

காசு பற்றிப் பேசாமல் உங்களிடம் எதுவும் நடக்காது, பேசுவோம். பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1973இல் வந்த படம் 2033 முடிய. 1980இல் வந்தது 2040 முடிய. அதற்கு அப்புறம் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. இருக்கிற சில வருடங்களில் வெட்டிய பிரதியை இலவசமாக இணையத்தில் தள்ளிவிட்டு விளம்பரக் காசில் சில்லறை பார்ப்பதா, நல்ல பிரதி ஒன்றைச் செய்து விற்பதா என்பது உங்கள் முடிவு. உரிமை போன பிறகும் நெகட்டிவும் அதிலிருந்து எடுத்த நல்ல ஸ்கேனும் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம்தான் எல்லோரும் வந்து நிற்பார்கள். அதையும் யோசியுங்கள். மத்திய அரசு 2022இல் தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ் 2,200 படங்களைச் சீர்செய்ய 363 கோடி ரூபாய் என்று அறிவித்தது. பட்டியலில் தமிழ் ஸ்கோப் படம் இடம்பெற வேண்டுமானால் உரிமையாளர் போய்க் கதவைத் தட்டியாக வேண்டும். ரசிகன் தட்டினால் திறக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலில், ஏற்கெனவே வெட்டி ஏற்றிய ஸ்கோப் படங்களை எடுத்துவிட்டு, முழு அகலத்தில் உள்ள பிரதியை அதே இடத்தில் போடுங்கள். பெரும்பாலான படங்களுக்கு இதற்குப் புது ஸ்கேன்கூடத் தேவைப்படாது. வெட்டுவதற்கு முன்னால் இருந்த கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும். இனி வெளியிடும் ஒவ்வொரு படத்துக்கும் அது எந்த அளவில் எடுக்கப்பட்டது, எதிலிருந்து ஸ்கேன் செய்தது, நெகட்டிவா பிரிண்டா, எத்தனை நிமிடம் என்பதை விவரத்தில் எழுதுங்கள். பிரிண்டைப் பெரிதாக்கியதற்கு 4கே என்று போடாதீர்கள்.

சதுரச் சட்டத்தில் எடுத்த படத்தை ஸ்கோப்பாக மாற்றித்தான் தியேட்டருக்குத் தர முடியும் என்றால் தாருங்கள், வீட்டுக்கு மூல வடிவத்தைக் கொடுங்கள். ஒலியிலும் இதே முறை வேண்டும். புதிய 5.1 ஒலி கேட்பவர்கள் கேட்கட்டும், பழைய மோனோ ஒலித்தடத்தையும் தேர்வு செய்யும்படி கூடவே வையுங்கள். 1986இல் 'மாவீரன்' போல 70 எம்எம்மில் ஆறு தட ஒலியோடு வந்த படங்களுக்கு அந்த ஒலி எங்காவது பிழைத்திருக்கிறதா என்று தேடுங்கள். பாட்டுகள், இடைவேளை அட்டை, டைட்டில் எதையும் நீக்காதீர்கள். லோகோ போட்டே ஆக வேண்டும் என்றால் கறுப்புப் பட்டையில் போடுங்கள், அங்கே நிறைய இடம் இருக்கிறது.

ஸ்கேன் செய்யும்போது ஒளிப்பதிவாளரைக் கூப்பிடுங்கள். அவர் இல்லையென்றால் அவரிடம் உதவியாளராக இருந்தவரைக் கூப்பிடுங்கள். இரவுக் காட்சி எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும் என்று கலர் சரிசெய்கிற பையனால் ஊகிக்க முடியாது. இருட்டைக் கண்டால் வெளிச்சம் ஏற்றத்தான் அவன் கை போகும். அந்த நாளைய ஒளிப்பதிவாளர்கள் பலருக்கு எழுபது, எண்பது வயதாகிறது, இதை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டாம்.

இலவசமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முழு அகலத்தில், வெட்டில்லாமல், சரியான நிறத்தில் ஒரு படம் வந்தால் ஒரு தியேட்டர் டிக்கெட் விலையைக் கொடுத்து வீட்டில் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். ப்ளூரேயாக வந்தால் அதைவிட அதிகம் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளவும் இருக்கிறார்கள். மூன்று படங்களை மட்டும் எடுத்துச் செய்து பாருங்கள். முதலாவதாக 'ராஜராஜ சோழன்' இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் ஒவ்வொருவரிடமும் எந்தெந்த ஸ்கோப் படத்துக்கு மூல நெகட்டிவ் இருக்கிறது, எதற்கு நகலெடுத்த டூப் நெகட்டிவ், எதற்கு வெறும் பிரிண்ட், அவை எங்கே, என்ன நிலைமையில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்து வரும் பொங்கலுக்குள் வெளியிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் டப்பாக்களை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். குளிரூட்டிய அறைக்கு வசதி இல்லையென்றால் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். பாதுகாக்கக் கொடுப்பதால் உரிமை கைமாறிவிடாது. நெகட்டிவ் தொலைந்துபோன படம் என்றால் அதையும் பட்டியலில் எழுதுங்கள். பழைய பிரிண்ட் எந்த ஊர் விநியோகஸ்தர் வீட்டுப் பரணில், எந்த மூடிய தியேட்டரின் கேபினில் கிடக்கும் என்று எங்களில் சிலருக்குத் தெரியும். தேடிக் கொண்டுவந்து கொடுப்போம்.

தென்மாவட்டத்துப் பழைய ஆபரேட்டர் ஒருவன்